இடுப்பில் ஒரு பட்டறை

எங்க மாமா ஒரு கேடி.

பயப்பட வேண்டாம். போலீஸ் ஸ்டேஷன் போர்டில் போட்டோ ஒட்டி வைப்பார்களே, அந்தக் கேடி இல்லை. கோல்ஃப் மைதானத்தில் ஆடுபவரின் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்கிற கேடி. அம்மாவின் தம்பி. பெங்களூரில் இருபது வருடத்துக்கு மேலாக இதுதான் வேலை. மூணாம் வகுப்பில் டீச்சர் "உங்க மாமா என்ன பண்றார்?" என்று கேட்க, நான் எழுந்து நின்று பெருமையாக "கேடி டீச்சர்" என்று சொல்லி, வகுப்பே சிரித்த கதையை இன்னொரு பதிவில் வைத்துக்கொள்ளலாம்.

இப்போது மாமாவை இழுக்கக் காரணம், போன வாரம் எங்கள் வகுப்பில் நடந்த டிசைன் ரிவ்யூ. ஒரு குழு மேடையேறி "கோல்ஃப் வீரர்கள் உடலில் அணியக்கூடிய பல்பயன் கருவி" என்று ஒன்றைக் காட்டியது. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய உலோகப் பெட்டி, பெல்ட்டில் மாட்டிக்கொள்ளலாம். உள்ளே மடங்கும் முள்கரண்டி. மேலே காந்தத்தில் ஒட்டியிருக்கும் வட்டக் காசு. இழுத்தால் நீண்டு விட்டால் சுருண்டுகொள்ளும் கயிற்றில் ஒரு பிரஷ். மட்டையின் கீறல்களில் மண் எடுக்க ஒரு ஊசி. நாலு டீ செருகிக்கொள்ள இடம். அடித்த அடிகளை எண்ண ஒரு சக்கரம். போதாதென்று பாட்டில் திறப்பான், சுருட்டைப் புல்லில் படாமல் வைக்க ஒரு தாங்கி. இந்த மாதிரி சாமான்கள் வெளிநாட்டுக் கடைகளில் ஏற்கெனவே நூறு வகை விற்கின்றன. நம் ஆட்கள் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். கைதட்டல் பலம். நானும் தட்டினேன், பொய் சொல்ல மாட்டேன்.

டிஸ்கி: அந்தக் குழுவில் இருப்பவர்கள் எல்லோரும் என் நண்பர்கள்தான். திட்டு கருவிக்குத்தான், ஆட்களுக்கு இல்லை. வரைபடம் சுத்தமாக இருந்தது, வெல்டிங் என்னுடையதை விட நூறு மடங்கு மேல். ஆனால் இந்தக் கருவி தேவையில்லாதது மட்டுமில்லை, தப்பானதும்கூட என்பது என் கட்சி. எதற்கு என்று வரிசையாகச் சொல்கிறேன், பிறகு பின்னூட்டத்தில் வந்து கும்முங்கள்.

முதலில் கோல்ஃப் தெரியாதவர்களுக்கு (அதாவது நம் வகுப்பில் முக்கால்வாசிப் பேருக்கு) நாலு வரி. 46 கிராமுக்குள் இருக்கும் ஒரு பந்தை மட்டையால் அடித்து அடித்து, 108 மில்லிமீட்டர் அகலமுள்ள குழியில் விழ வைக்க வேண்டும். மொத்தம் 18 குழி. குறைந்த அடிகளில் முடிப்பவர் ஜெயித்தார். குழி இருக்கிற இடத்துக்கு கிரீன் என்று பெயர். அங்கே புல் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டப்பட்டு கேரம்போர்டு மாதிரி இருக்கும். தூரத்திலிருந்து உயரமாகப் பறந்து வருகிற பந்து இந்தப் புல்தரையில் தொப்பென்று விழும்போது ஒரு பள்ளம் ஏற்படும். அதுதான் பால் மார்க். அடுத்தவன் பந்தை உருட்டும்போது அந்தப் பள்ளத்தில் பட்டால் திசை மாறிவிடும். அதனால் பள்ளம் போட்டவனே அதைச் சரி செய்துவிட்டுப் போக வேண்டும். கோல்ஃபின் மரியாதைகளில் முக்கியமானது இது. விதிப் புத்தகத்திலேயே வீரரின் நடத்தை பற்றிய முதல் பகுதியில் வருகிறது. முள்கரண்டி அதற்குத்தான்.

காசு எதற்கு? கிரீனில் உங்கள் பந்தைத் துடைக்கவோ அடுத்தவர் வழியிலிருந்து எடுக்கவோ வேண்டுமென்றால், எடுப்பதற்கு முன் இடத்தைக் குறித்து வைக்க வேண்டும். குறிக்காமல் தூக்கினால் ஒரு அடி தண்டம். பிரஷ்ஷும் ஊசியும் மட்டைமுகத்துக் கீறல்களில் ஒட்டிய மண்ணை எடுக்க. மண் அடைத்திருந்தால் பந்து சரியாகச் சுழலாது. டீ என்பது முதல் அடியின்போது பந்தை ஏற்றி வைக்கிற சின்ன ஆப்பு. குடிக்கிற டீ இல்லை.

ஆக, வேலைகள் நிஜம். அதை நான் மறுக்கவில்லை. இனிமேல்தான் சண்டை.

1. இந்தக் கருவி ஏற்கெனவே இருக்கிறது. விலை சில்லறைக் காசு.

அதன் பெயர் டீ. மேலே குழிந்த தலை, கீழே கூர்மையான முனை, மரத்தில் செய்த ஒரு ஆப்பு. பந்தை ஏற்றி வைக்கிறது. கூர்முனையால் பால் மார்க்கைச் சரி செய்யலாம், சரி செய்யப் பயன்படுத்தத் தகுந்த சாமான் என்று விதியே டீயைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. பந்தின் இடத்தைக் குறிக்கவும் டீ செல்லும், அதையும் விதியே சொல்கிறது. அதே முனையால் மட்டைக் கீறலில் மண்ணும் எடுக்கலாம். நாலு வேலை, ஒரே பொருள், ஒரு கீல் கிடையாது, ஒரு ஸ்பிரிங் கிடையாது, காந்தம் கிடையாது, தொலைந்தால் அழ வேண்டாம். பல்பயன் கருவிக்கு இதைவிட நல்ல உதாரணத்தை எந்த டிசைன் வாத்தியாரும் காட்ட முடியாது.

இந்த டீயின் கதையும் சுவாரசியமானது. ஆரம்பத்தில் டீ என்றால் ஒரு பிடி ஈர மணல். 1744-ல் எடின்பரோ பக்கத்து லீத்தில் எழுதிய 13 விதிகள்தான் கிடைத்திருப்பவற்றில் பழைய கோல்ஃப் விதிகள். அதில் முதல் விதியே, முந்தைய குழியிலிருந்து ஒரு மட்டை நீளத்துக்குள் பந்தை ஏற்றி வைக்க வேண்டும் என்பதுதான். பின்னால் மைதானங்களில் மணல் பெட்டியும் தண்ணீரும் வைத்தார்கள். மணலை நனைத்துக் குவித்து அதன் மேல் பந்தை வைப்பது பெரும்பாலும் கேடியின் வேலை. கை எப்போதும் சேறு.

1899-ல் ஜார்ஜ் கிராண்ட் என்பவர் மர ஆப்பின் மேல் ரப்பர் தலை வைத்த ஒரு டீக்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். கறுப்பினத்தவர், பல் மருத்துவர், ஹார்வர்டில் பாடம் நடத்தியவர். அவர் அதை வியாபாரமாக்கவில்லை. 1920-களில் நியூஜெர்சியைச் சேர்ந்த வில்லியம் லோவல் என்ற இன்னொரு பல் மருத்துவர்தான் 'ரெட்டி டீ' என்று விற்றுப் பெயர் வாங்கினார். அன்றைய பெரிய வீரர் வால்டர் ஹேகனுக்குப் பணம் கொடுத்து விளம்பரமும் செய்ய வைத்தார். கிராண்டுக்கு உரிய இடத்தை அமெரிக்க கோல்ஃப் சங்கம் ஒப்புக்கொண்டது 1991-ல். பல்லைக் கவனிக்கிற ரெண்டு டாக்டர்கள் யோசித்த ஒரு குச்சி இன்று வரைக்கும் அப்படியே இருக்கிறது. நாம் நாலு வருடம் இன்ஜினியரிங் படித்துவிட்டு அதே வேலைக்கு ஒரு பெட்டி செய்கிறோம்.

2. பல்பயன் கருவி என்பது எதற்காகப் பிறந்தது?

சுவிஸ் ராணுவக் கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். கார்ல் எல்சனர் 1891-ல் சுவிஸ் ராணுவத்துக்குக் கத்தி கொடுக்க ஆரம்பித்தார், 1897-ல் அதிகாரிகளுக்கான கத்தி வந்தது. வீட்டிலிருந்து வெகு தூரத்தில் இருக்கும் சிப்பாய்க்கு டின் திறக்க வேண்டும், துப்பாக்கியைக் கழற்ற வேண்டும், கயிறு அறுக்க வேண்டும். லெதர்மேன் கருவியும் அப்படித்தான். டிம் லெதர்மேன் 1975-ல் ஓட்டை ஃபியட் காரில் ஐரோப்பா சுற்றியபோது, வண்டியும் தங்கிய அறைகளின் குழாய்களும் படுத்திய பாட்டில் யோசித்தது. விற்பனைக்கு வர 1983 ஆனது.

இரண்டிலும் பொதுவானது என்ன? அடுத்து என்ன கெட்டுப்போகும் என்று தெரியாது. உதவிக்கு ஆள் கிடையாது. பெரிய கருவிப்பெட்டி தூக்க முடியாது. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் பல்பயன் கருவிக்கு நியாயம் இருக்கிறது. ஏனென்றால் அதில் இருக்கிற ஒவ்வொரு உறுப்பும் தனிக் கருவியை விட மட்டம்தான். மடக்குக் கத்தியில் இருக்கும் ஸ்க்ரூட்ரைவரால் ஒரு நாள் முழுக்க வேலை செய்து பாருங்கள், தெரியும். வேறு வழியில்லாததால் அந்த மட்டத்தைப் பொறுத்துக்கொள்கிறோம்.

கோல்ஃபில் இந்த மூன்றில் எது இருக்கிறது? 18 குழிக்கும் என்னென்ன வேலை வரும் என்று காலையிலேயே தெரியும். எதிர்பாராத குழாய் ரிப்பேர் வரப் போவதில்லை. பக்கத்திலேயே ஒரு பை, அதில் மூட்டை முடிச்செல்லாம். பையைச் சுமக்க ஒரு ஆளோ வண்டியோ. இந்த நிலையில் இடுப்பில் ஒரு மினி பட்டறை எதற்கு?

3. சரி, அணிவது எதற்கு?

ஒரு கருவியை உடம்பில் கட்டிக்கொள்ள ஒரே நல்ல காரணம், கை சும்மா இல்லாதது. பனையேறியைப் பாருங்கள். ரெண்டு கையும் மரத்தில். அதனால் அரிவாள் பெட்டி இடுப்பில். கண்டக்டருக்கு ஒரு கை கம்பியில், அதனால் பை தோளில். தையற்காரர் டேப்பைக் கழுத்தில் போட்டிருப்பது ஸ்டைலுக்கு இல்லை, நிமிடத்துக்கு ஒரு முறை வேண்டும் என்பதால். ஏன், நம் அம்மாக்களின் தாலிக்கயிற்றில் தொங்குகிற ஊக்குகள்! செருப்பு அறுந்தால் அது, பை கிழிந்தால் அது, முள் குத்தினால் அது. எந்த நேரத்தில் எது அறுந்து தொலைக்கும் என்று தெரியாத வாழ்க்கைக்கு அது சரியான கருவி. யாரும் அதை ரிவ்யூவில் காட்டிக் கைதட்டல் வாங்கவில்லை.

கோல்ஃப் ஆடுபவர் கையில் இருப்பது ஒரு மட்டை. கிரீனில் ஏறியதும் அதற்கும் அவசரம் கிடையாது, சாவகாசமாகக் குனிந்து சாவகாசமாக நிமிரலாம். பேண்ட்டில் பாக்கெட் இருக்கிறது. அதில் ஒரு டீ, ஒரு காசு. முடிந்தது கதை.

மாறாக, இடுப்பில் தொங்குவது தொந்தரவு. மட்டையைச் சுழற்றும்போது இடுப்பு திரும்பும், கைகள் அதன் பக்கமாகத்தான் போய் வரும். அடுத்தவர் பந்தை உருட்டும் நேரத்தில் மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்கக்கூடாது என்கிற ஆட்டத்தில், நம் பெட்டி கிலுகிலுவென்று மாட்டுக் கழுத்து மணி மாதிரி ஆடும். ரிவ்யூவில் டெமோ காட்டிய நண்பர் நடந்து வந்தபோதே சத்தம் கேட்டது. யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் நாம் கைதட்டிக்கொண்டிருந்தோம்.

4. முள்கரண்டி சொல்லும் பொய்

இதுதான் எனக்கு முக்கியம். கடையில் இதற்கு 'டிவட் டூல்' என்று பெயர். டிவட் என்றால் மட்டை பட்டுப் பெயர்ந்து போகிற புல்கட்டி. அதைச் சரி செய்ய இந்தக் கரண்டி உதவாது. புல்கட்டியை எடுத்து வந்து அதே இடத்தில் வைத்து மிதிக்க வேண்டும், இல்லையென்றால் மணலும் விதையும் போட வேண்டும். கரண்டி சரி செய்வது பால் மார்க்கை. பெயரிலேயே தப்பு. சரி, பெயரை விடுங்கள்.

பார்த்தவுடன் கரண்டியை எப்படிப் பயன்படுத்தத் தோன்றும்? பள்ளத்துக்கு அடியில் குத்தி, நெம்பி, மேலே தூக்கத் தோன்றும். முள்ளின் வளைவும் நீளமும் அதைத்தான் சொல்லித் தருகிறது. அதுதான் தவறு. பத்தாம் வகுப்பு லீவில் மாமாவோடு ரெண்டு வாரம் மைதானத்துக்குப் போனேன். முதல் நாளே நான் நெம்பினேன். மாமா கையைப் பிடித்துக்கொண்டார்.

"தூக்காத மாப்ள. தூக்குனா வேர் அறுந்துரும். மேல பாத்தா சமமாத்தான் இருக்கும், மறுநாள் அந்த எடம் காஞ்சு கெடக்கும். ஓரத்துல குத்தி நடுவுக்குத் தள்ளு. சப்பாத்தி மாவுல விரிசல் விட்டா என்ன பண்ணுவ? சுத்தியிருக்கறத இழுத்து ஒட்ட வைப்பயில்ல? அதே மாதிரி. அப்புறம் பட்டரால லேசாத் தட்டு."

(பட்டர் என்பது பந்தை உருட்டுகிற மட்டை. வெண்ணெய் இல்லை.)

மாமா படித்தது எட்டாம் வகுப்பு. ஆனால் புல் பராமரிப்பு பற்றி எழுதுபவர்கள் எல்லோரும் சொல்வதும் இதே: சுற்றியுள்ள புல்லை நடுவை நோக்கித் தள்ளு, மண்ணை மேலே நெம்பாதே. உடனே, ஒழுங்காகச் செய்தால் சில நாளில் ஆறிவிடும். செய்யாமல் விட்டாலோ தப்பாகச் செய்தாலோ வாரக்கணக்கில் தழும்பு நிற்கும். அதாவது பிரச்சினைக்கு விடை ஒரு பழக்கம். ரெண்டு நிமிடத்தில் கற்றுத்தரக்கூடிய பழக்கம். நம் கருவியில் எட்டு உறுப்பு இருக்கிறது, அந்தப் பழக்கத்துக்கு இடமில்லை. நெம்புகோலை அழகாகச் செய்து கொடுத்து, நெம்பாதே என்று எங்கேயும் எழுதவும் இல்லை.

அந்த ரெண்டு வாரத்தில் பார்த்த இன்னொரு காட்சி. ஒருவர் வந்தார். பெல்ட்டில் பளபளவென்று இதே மாதிரி ஒரு சாமான், பெயர் பொறித்தது. யாரோ பரிசு கொடுத்திருப்பார்கள். அவர் அடித்த பந்து கிரீனில் விழுந்து நல்ல பள்ளம். அவர் நடந்து வந்தார், பள்ளத்தைத் தாண்டினார், காந்தக் காசை டிக்கென்று எடுத்து வைத்தார், பந்தைத் துடைத்தார். பிறகு திரும்பிப் பார்க்காமல் விரலை மட்டும் பின்னால் காட்டினார். மாமா சட்டைப் பையிலிருந்து முனை உடைந்த ஒரு டீயை எடுத்து, மண்டியிட்டு, ஓரத்தில் குத்தி, நடுவுக்குத் தள்ளி, தட்டிவிட்டு எழுந்தார். பெல்ட்டில் இருந்த கரண்டி அன்று முழுக்க மடங்கியபடியே இருந்தது.

கடமையைச் செய்வதற்குப் பதிலாகக் கடமைக்கான சாமானை வாங்கி மாட்டிக்கொள்வது. இதற்கு நாம் வடிவம் கொடுத்திருக்கிறோம். இதுதான் என் கோபம்.

5. கூட்டிக்கொண்டே போனால் எங்கே போய் நிற்கும்?

ரிவ்யூ முடிவில் "அடுத்த கட்டமாக சென்சார், ஜிபிஎஸ்" என்று ஒரு ஸ்லைடு வந்தது. கோல்ஃப் விதிகளைப் படித்திருந்தால் அதைப் போட்டிருக்க மாட்டார்கள். 2019 விதிகளின்படி தூரம் அளக்கும் கருவி பொதுவாக அனுமதி, போட்டி நடத்துபவர் தடை போட்டால் தவிர. ஆனால் மேடு பள்ளத்தின் உயர வித்தியாசத்தை அளக்கக்கூடாது, காற்றின் வேகத்தையும் கருவியால் அளக்கக்கூடாது. ஏன்? அதையெல்லாம் கண்ணாலும் உடம்பாலும் கணிப்பதுதான் ஆட்டம்.

சாமான் சேர்ப்பது திறமை ஆகாது என்று கோல்ஃப் முன்பே ஒருமுறை முடிவு செய்துவிட்டது. 1930-களில் சிலர் 25, 30 மட்டைகள் வரை பையில் அடைத்துக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு தூரத்துக்கும் ஒரு மட்டை. முதுகு ஒடிந்தது கேடிக்கு. அமெரிக்கச் சங்கம் 1938-ல் 14 மட்டைதான் என்று வரம்பு போட்டது, அடுத்த வருடம் செயின்ட் ஆண்ட்ரூஸும் அதையே செய்தது. இன்றைக்கும் 14-தான். ஆட்டத்தை உருவாக்கியவர்களே போதும் என்று கோடு கிழித்த இடத்தில் நாம் பாட்டில் திறப்பானோடு நிற்கிறோம்.

"அப்ப கேடியே இருக்கட்டும்ங்கறியா?"

நான் ஹாஸ்டலில் இதைப் புலம்பியபோது ஒரு நண்பன் கேட்ட கேள்வி. நியாயமான கேள்வி, தப்பிக்க முடியாது. "ஒருத்தன் பையை இன்னொருத்தன் தூக்கறது, ஒருத்தன் பள்ளத்துக்கு இன்னொருத்தன் மண்டி போடறது, இதெல்லாம் ஒழியணும்தானே? கருவி வந்தா ஆடறவன் யாரையும் நம்ப வேண்டாம். நல்லதுதானே?"

ஒழிய வேண்டும்தான். மாமாவே என்னிடம் "நீ இந்தப் பக்கம் வந்துராத மாப்ள" என்றுதான் சொல்வார். மாதச் சம்பளம் கிடையாது, ஆட்டம் இருந்தால் காசு, மழை பெய்தால் இல்லை. அதைப் புனிதமாக்கிக் கட்டுரை எழுத நான் தயாரில்லை.

ஆனால் ரெண்டு விஷயம். ஒன்று, கேடியை ஒழிப்பது இந்த மாதிரிக் கருவி இல்லை. அமெரிக்காவில் 1950-களிலிருந்து பரவிய மோட்டார் வண்டிதான் அந்த வேலையைப் பெருமளவு செய்தது. அங்கேயும் பள்ளங்கள் மறைந்துபோகவில்லை. விடிகாலையில் ஆட்டம் தொடங்கும் முன் புல் பராமரிப்பு ஆட்கள் கிரீன் கிரீனாகக் குனிந்து குனிந்து சரி செய்கிறார்கள், முந்தின நாள் பெல்ட்டுக்காரர்கள் விட்டுப்போனதையெல்லாம். குனிகிற முதுகு மாறியது, அவ்வளவுதான்.

இரண்டாவது, அந்த முதுகுகளுக்குள் இருக்கிற அறிவு. 1913-ல் அமெரிக்க ஓப்பனில் ஹாரி வார்டனையும் டெட் ரேயையும் தோற்கடித்த ஃபிரான்சிஸ் விமே முன்னாள் கேடி. அன்று அவர் பையைத் தூக்கியது எடி லோரி என்ற 10 வயதுப் பையன். 1991-ல் இந்திய ஓப்பனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை வீரர் அலி ஷேர், டெல்லியில் கேடியாக இருந்தவர். 2016, 2017 என்று அடுத்தடுத்து அதே பட்டத்தை வென்ற எஸ்.எஸ்.பி. சௌராசியா, ராயல் கல்கத்தா கிளப்பில் புல் பராமரித்தவரின் மகன். அந்த கிளப் 1829-ல் தொடங்கியது. புல்லை இவ்வளவு கிட்டத்திலிருந்து பார்த்தவர்களுக்கு நம் கருவியின் எந்த உறுப்பு எதற்கு உதவாது என்று ஒரே நிமிடத்தில் தெரிந்திருக்கும். நம் குழு யாரைக் கேட்டது? விற்பனை இணையதளங்களின் படங்களை. பயன்படுத்துபவர் யார் என்ற கட்டத்தில் 'கோல்ஃப் வீரர்' என்று எழுதினார்கள். நிஜத்தில் குனிகிறவரை அந்தக் கட்டத்தில் எழுதவே இல்லை.

விற்குமே?

விற்கும். சந்தேகமே இல்லை. கம்பெனிப் போட்டிகளில் லோகோ அடித்துப் பரிசாகக் கொடுப்பார்கள். கோல்ஃப் ஆடுகிற அப்பாவுக்கு என்ன வாங்குவது என்று தெரியாத பிள்ளைகள் வாங்குவார்கள். வாங்குபவர் வேறு, பயன்படுத்துபவர் வேறு என்கிற சரக்குகளில் இது முதல் தரம். அப்படியானால் ரிவ்யூவில் "பரிசுப் பொருள்" என்று சொல்லிவிடுங்கள். "வீரரின் தேவையைத் தீர்க்கிறது" என்று சொல்லாதீர்கள்.

எல்லா கோல்ஃப் துணைக்கருவியும் குப்பை என்றும் நான் சொல்லவில்லை. பட்டரின் பிடி நுனியில் மாட்டுகிற ஒரு ரப்பர் கிண்ணம் இருக்கிறது. குழியிலிருந்து பந்தை அதில் ஒட்டி எடுத்துவிடலாம், குனிய வேண்டாம். முதுகு வலிக்காரருக்கும் வயதானவருக்கும் அது வரப்பிரசாதம். மாற்றுத்திறன் கொண்டவர்கள் ஆடுவதற்கென்று 2023 விதிப் புத்தகத்தில் 25-வது விதியாகத் தனிப்பகுதியே சேர்த்திருக்கிறார்கள். ஒரு உடம்பின் நிஜமான சிரமத்தைப் பார்த்து, அதற்கு மட்டும் ஒரு விடை. அந்த ரப்பர் கிண்ணத்தில் பாட்டில் திறப்பான் கிடையாது என்பதைக் கவனிக்கவும்.

ஆக, நண்பர்களே, இறுதி ரிவ்யூவுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. என் யோசனை இது. பெட்டியைக் கலைத்துவிடுங்கள். கரண்டியை மட்டும் எடுங்கள். நெம்பவே முடியாத அளவுக்கு முள்ளைக் குட்டையாக்குங்கள், ஓரத்தில் குத்தி நடுவுக்குத் தள்ளினால் மட்டும் வேலை செய்கிற மாதிரி. பிறகு அதை ஒரு நீளக் கைப்பிடியில் மாட்டி, நின்றபடியே சரி செய்ய முடியுமா என்று பாருங்கள். விடிகாலையில் நூறு முறை குனிகிற ஆளுக்கு அது வேண்டும். அளவு எடுக்க, சோதித்துப் பார்க்க, "இது உதவாது" என்று முகத்துக்கு நேராகச் சொல்ல எங்க மாமா இருக்கிறார். திங்கட்கிழமை மைதானத்துக்கு லீவு, போனில் பேசிவிட்டேன், வரச் சொன்னார். பெங்களூருக்குப் பஸ் டிக்கெட் என் செலவு.

கருவியின் போட்டோவை மாமாவுக்கு அனுப்பியிருந்தேன். வெகு நேரம் பார்த்திருப்பார் போல. ராத்திரி போன் பண்ணி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எல்லாம் சரி மாப்ள, இத மாட்டிக்கிட்டு அவங்க குனிவாங்களா?"

பதில் தெரிந்தவர்கள் பின்னூட்டத்தில் எழுதுங்கள், மாமாவிடம் படித்துக் காட்டுகிறேன்.